பின்வீல் சொல்வதைக் கேளுங்கள்

ஸ்பிரிங், ஆர்ம், காயில்ஓவர் என்று வெளிச்சாமான் மாட்டியபின் பின்சக்கர அலைன்மென்ட் படுத்தும் பாடு பற்றித்தான் இந்த மாதக் கேள்விகள் எல்லாம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். அலைன்மென்ட் முடிந்தது, திரையில் எல்லாம் பச்சை. ஆனால் நேர்ச் சாலையில் ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. மூன்று கடையிலும் முன்சக்கரத்தைத்தான் திருப்புகிறார்கள்.
– பழைய ஸ்கோடா லாரா, கோவை

பதில்: மூன்று கடையும் தப்பான சக்கரத்தைத் திருப்பியிருக்கின்றன. நீங்கள் அனுப்பிய தாளிலேயே விடை இருக்கிறது. பின் இடது டோ +0.25 டிகிரி, பின் வலது –0.15. கூட்டினால் 0.10. மொத்த டோ சரி என்று மெஷின் பச்சை காட்டிவிட்டது. ஆனால் இடது சக்கரம் உள்ளே பார்க்கிறது, அதாவது வலப்பக்கம். வலது சக்கரம் வெளியே பார்க்கிறது, அதுவும் வலப்பக்கம்! இரண்டும் சேர்ந்து காரை 0.20 டிகிரி வலப்பக்கம் தள்ளுகின்றன. இதுதான் த்ரஸ்ட் ஆங்கிள். இடது டோவிலிருந்து வலது டோவைக் கழித்து இரண்டால் வகுத்தால் வரும். கார் நேராகப் போக வேண்டுமானால் முன்சக்கரமும் அதே 0.20 டிகிரி திரும்பியாக வேண்டும். ஸ்டியரிங் விகிதம் 15-க்கு 1 என்று வைத்துக்கொண்டால் உங்கள் கையில் அது 3 டிகிரி சாய்வு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு சக்கரத்துக்கு 0.05 இருக்க வேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. இடது அதைவிட 0.20 கூட, வலது 0.20 குறைவு. அளவு ஒன்று, திசை எதிர். இரண்டு ஆர்மும் தனித்தனியாகக் கெட்டுப்போய் இத்தனை துல்லியமாக ஒத்துப்போவது அரிது. ஸ்பிரிங் மாற்றும்போது பின் சப்ஃபிரேமை இறக்கினார்களா என்று கேளுங்கள். போல்ட் துளைக்குள் இருக்கும் சிறு இடைவெளியில் சப்ஃபிரேம் லேசாகத் திருகி உட்கார்ந்திருந்தால் தாள் இப்படித்தான் வரும். முதலில் அதை நேராக்கச் சொல்லுங்கள், பிறகு டோவைத் தொடட்டும். லாராவில் பின்பக்கம் மல்டிலிங்க். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. ‘இல்லை’ என்று சொல்லும் கடையில் நிற்க வேண்டாம்.

கேள்வி: முன்வீல் மட்டும் அலைன்மென்ட் பார்த்தால் போதாதா?
– திருச்சி

பதில்: போகும் திசையை முன்சக்கரம் கேட்கிறது, பின்சக்கரம் தீர்மானிக்கிறது. போதாது.

கேள்வி: 2008 சிவிக். ஸ்பிரிங் மாற்றி 35 மி.மீ. தாழ்த்தினேன். பின் டயரின் உள்பக்கத்தைச் சாப்பிடுகிறது. கேம்பர்தான் காரணம் என்று அட்ஜஸ்ட் செய்யும் கேம்பர் ஆர்ம் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– சென்னை

பதில்: வாங்கும் முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை, உள்ளிருந்து வெளியே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பப் பல் மாதிரி கீறல் என்றால் டோ கெட்டிருக்கிறது. உள்நோக்கித் தடவும்போது வழவழப்பு, வெளிநோக்கி வரும்போது கீறல் என்றால் டோ-இன் கூட. அதற்கு மாறாக இருந்தால் டோ-அவுட். இரு திசையிலும் வழவழப்பாகவே இருந்து உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால்தான் கேம்பரைக் குற்றம் சொல்லலாம்.

டயரைச் சீக்கிரம் கொல்வது டோதான். கணக்கு இது: ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 8.7 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறது. கேம்பர் மட்டும் ஒன்றரை, இரண்டு டிகிரி நெகட்டிவ் என்றால் உள்விளிம்பு கொஞ்சம் முந்தித் தேயும், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தால் கம்பி தெரியும்வரை போகும்; அதுவும் உள்பக்கம் என்பதால் வெளியிலிருந்து பார்க்கிற உங்களுக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை பின் டயரின் உள்விளிம்பைக் குனிந்து பாருங்கள். நெடுஞ்சாலையில் அது வெடித்துத் தெரியக் கூடாது.

உங்கள் மாடலுக்கு இதில் தனி வரலாறே உண்டு. அந்தத் தலைமுறை சிவிக்கின் பின்பக்கம் டபுள் விஷ்போன். அமெரிக்காவில் 2006, 2007 மாடல்கள் தாழ்த்தாமலேயே பின் டயரைத் தின்ன, ஹோண்டா மாற்றியமைத்த மேல் ஆர்மைப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் உங்களுக்கு ஆர்ம் தேவைப்படலாம், மறுக்கவில்லை. வரிசைதான் முக்கியம்: முதலில் டோவை அளவுக்குள் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் கேம்பர் 2 டிகிரியைத் தாண்டி நெகட்டிவாக இருந்தால் ஆர்ம் வாங்குங்கள். மேல் ஆர்மை நீட்டினால் சக்கரத்தின் தலை வெளியே வரும், நெகட்டிவ் குறையும். ஆர்ம் போட்டுக் கேம்பரைத் தொட்டதும் டோ மறுபடி மாறும். எனவே பின் கேம்பர், பின் டோ, அதன் பிறகே முன்பக்கம். இந்த வரிசையைக் கடைக்காரர் மாற்றினால் வேலை இரண்டாகும், செலவு உங்களுடையது.

கேள்வி: ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை மட்டும் வெட்டிவிட்டால் செலவில்லாமல் தாழ்ந்துவிடுமே, சார்?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: வேண்டாம் தம்பி. வெட்டிய ஸ்பிரிங், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவும். மறுபடி சரியான இடத்தில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பணம் சேரும்வரை கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஓட்டு.

கேள்வி: ஸ்விஃப்டுக்குப் பின்பக்கம் அலைன்மென்டே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் தாழ்த்தினால் பின்சக்கரம் கெடாதா?
– நாமக்கல்

பதில்: அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, அளவு உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ட்விஸ்ட் பீம். இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே எஃகு உறுப்பு. இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்தால் டோவும் கேம்பரும் பெரிதாக மாறாது. ஆகவே ஸ்பிரிங் போட்டபின் தாளில் பின்சக்கரம் சிவப்பாக வந்தால் ஸ்பிரிங்கைத் திட்டாதீர்கள். ஏதோ ஒரு பள்ளம் ஸ்டப் ஆக்சிலையோ பீமையோ வளைத்திருக்கிறது, அல்லது பீம் புஷ் போயிருக்கிறது, அல்லது கழற்றி மாட்டியபோது பீம் பிராக்கெட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. தாளில் பழைய பழுது இப்போதுதான் தெரிகிறது என்பதே பெரும்பாலும் உண்மை. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் வைத்துச் சரிசெய்யும் வழி ஒன்று உண்டு. வளைந்தது எது என்று கண்டுபிடித்தபின், சிறு வித்தியாசத்துக்கு மட்டும் அதை நாடுங்கள். வளைந்த ஆக்சிலை ஷிம்மால் மறைப்பது தவறு.

கேள்வி: பின்பக்கம் எல்லா ஆர்மும் புதிதாக மாட்டினேன். அலைன்மென்ட் செய்தால் இரண்டு வாரம் சரியாக ஓடுகிறது, பிறகு மாறிவிடுகிறது. காரும் எதிர்பார்த்த அளவு தாழவில்லை. ஒரு வருடத்துக்குள் புஷ் கிழிந்துவிட்டது. சாமான் மட்டமா?
– மதுரை

பதில்: சாமான் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மாட்டிய கையை. நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இன்றும் அதிகம் நடக்கும், அதிகம் கவனிக்கப்படாத தவறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரப்பர் புஷ்ஷின் உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு இறுகிவிடும், அது சுற்றாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுகி முறுகித் திரும்புகிறது. சரி, கார் லிஃப்டில் இருக்கிறது, சக்கரம் தொங்குகிறது, அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கினால் என்ன ஆகும்? தொங்கும் நிலைதான் ரப்பரின் ஓய்வு நிலை ஆகிவிடும். காரைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர், பிழிந்த ஈரத்துணியை அவிழ்க்காமல் கட்டிப்போட்டது போல, முறுகியே இருக்கும். அந்த முறுக்கு காரை மேலே தள்ளும். அதனால்தான் உங்கள் கார் தாழவில்லை. அந்தப் பொய்யான உயரத்தில் அலைன்மென்ட் பார்த்தார்கள். ரப்பர் தளரத் தளர உயரம் இறங்கியது, அளவும் மாறியது. கடைசியில் கிழிந்தது.

மருந்து எளிது. புது புஷ் போட்டு, எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் கையால் மட்டும் முறுக்கி விடச் சொல்லுங்கள். காரின் எடை நான்கு சக்கரத்திலும் இருக்க வேண்டும். அதற்கு நான்கு தூண் லிஃப்ட் அல்லது குழி வேண்டும். காரை முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட்டு, அது உட்கார்ந்தபின் சரியான டார்க்கில் இறுக்க வேண்டும். இரண்டு தூண் லிஃப்ட் மட்டுமே இருந்தால், வேலை தொடங்கும் முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளட்டும். புது ஸ்பிரிங் தாழ்த்தும் அளவை அதிலிருந்து கழித்து, ஜாக்கியால் ஹப்பை அந்த உயரத்துக்குத் தூக்கிவைத்து இறுக்கட்டும். காரே லிஃப்டை விட்டு எழுந்துவிடாதபடி எச்சரிக்கையோடு செய்ய வேண்டும். உருண்டை பேரிங் உள்ள ஆர்முக்கு இந்தக் கட்டாயம் இல்லை, ரப்பருக்குக் கட்டாயம்.

‘எத்தனை வருஷமா இப்படித்தான் மாட்டறோம்’ என்று பதில் வந்தால், பணிவாகச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: அலைன்மென்ட் சென்டரில் காரை ஜாக்கியிலிருந்து இறக்கியவுடனே அளக்கிறார்கள். சரியா?
– தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை அதன் இடத்துக்கு வரவிடாது. பின்சக்கரத்துக்கு அடியிலும் நகரும் தட்டு இருக்க வேண்டும். அதைப் பூட்டும் ஊசியையும் எடுத்துவிட்டு, காரை இரண்டு தடவை அழுத்திவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பெனிப் புத்தகத்தில் பின் டோ 10 நிமிடம் என்று இருக்கிறது. கடையில் 0.10 வைத்துக் கொடுத்து ‘அதேதான்’ என்றார்கள்.
– புதுச்சேரி

பதில்: அதே அல்ல. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 10 நிமிடம் என்றால் 0.17 டிகிரி. அவர்கள் வைத்தது 6 நிமிடம். மெஷினின் அலகை மாற்ற ஒரு பட்டன் உண்டு, அழுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: கடலோரத்தில் கார் நிற்கிறது. பின் ஆர்மில் அட்ஜஸ்ட் செய்யும் கேம் போல்ட் திரும்பவே மறுக்கிறது. தட்டிப் பார்த்தும் பயனில்லை.
– தூத்துக்குடி

பதில்: உப்புக்காற்றில் போல்ட்டின் தண்டு, புஷ்ஷின் உள்குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். கேஸ் நெருப்புக் காட்டினால் புஷ் ரப்பர் வெந்துவிடும். அப்படியும் வராவிட்டால் இரு பக்கமும் அறுத்து, புது போல்ட், புது புஷ் போடுவதுதான் வழி. மாட்டும்போது தண்டுக்கு மட்டும் ஆன்டி-சீஸ் பூசுங்கள். மரையில் பூசினால் டார்க் கணக்கு மாறிவிடும். இறுக்கும்போது கேமின் தலை சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் எல்லோரும், ஆர்மைக் கழற்றும் நாள் வந்தால் இந்தப் பூச்சைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மாருதி ஜிம்னியை 2 அங்குலம் தூக்கினேன். பின் டயர் ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே நிற்கிறது. நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கும் அலைகிறது. பின்வீல் அலைன்மென்டால் சரியாகுமா?
– கோத்தகிரி

பதில்: ஆகாது, அங்கே திருப்ப ஒன்றும் இல்லை. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு. பக்கவாட்டில் அதைப் பிடித்துவைப்பது பான்ஹார்ட் ராடு. அதன் ஒரு முனை சட்டகத்தில், மறுமுனை அச்சில். உடம்பைத் தூக்கியதும் ராடின் சாய்வு கூடுகிறது, நீளம் அதேதான், எனவே அச்சு சில மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்துவிடுகிறது. நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடோ, அதன் முனையை இடம் மாற்றும் பிராக்கெட்டோ போட்டால் அச்சு நடுவுக்கு வரும். பின் ட்ரெய்லிங் ஆர்மையும் மாற்றியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று அளந்து பாருங்கள். ஆர்ம்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி என்று கொண்டால், 3 மி.மீ. வித்தியாசம் முழு அச்சையும் 0.17 டிகிரி கோணலாக்கிவிடும்.

அலைச்சலுக்குக் காரணம் முன்பக்கம். தூக்கியதில் காஸ்டர் குறைந்திருக்கும். அதற்கு காஸ்டர் புஷ் அல்லது பிராக்கெட் உண்டு. இரண்டையும் முடிக்காமல் மலைப்பாதையில் வேகம் வேண்டாம்.

கேள்வி: பின்பக்கம் லேசாக டோ-அவுட் வைத்தால் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்கிறான் நண்பன்.
– ஸ்ரீபெரும்புதூர்

பதில்: திரும்பும், நிறுத்தச் சொன்னாலும் திரும்பும்! இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையம் கரி டிராக்கிலோ, ஓட்டத் தெரிந்தவர், ஹெல்மெட்டோடு செய்து பார்க்கட்டும். மழைநாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வளைவில், முன்னால் மாடு வந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டீர்களானால் வால் உங்களை முந்தும். பொதுச் சாலைக்குப் பின்பக்கம் சிறிது டோ-இன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி: மெஷின் இல்லாமல் வீட்டிலேயே பின் டோ பார்க்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: முடியும் ஐயா, உங்கள் பொறுமைக்கு ஏற்ற வேலை. சமதளத் தரை, நான்கு டயரிலும் சரியான காற்று, ஸ்டியரிங் நேராக. காரின் இரு பக்கமும் சக்கர மைய உயரத்தில் தூண்டில் நைலான் நரம்பை ஒன்றுக்கொன்று இணையாக இழுத்துக் கட்டுங்கள். முன் ஹப்பிலிருந்து நரம்புக்கு உள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் ஹப்பிலும் அப்படியே. முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பல கார்களில் இரு அச்சின் அகலமும் வேறு.

இப்போது பின் ரிம்மின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நரம்புக்கு எத்தனை மி.மீ. என்று அளங்கள். முன்விளிம்பு நரம்பைவிட்டுத் தள்ளியிருந்தால் டோ-இன். விளிம்புக்கு விளிம்பு 400 மி.மீ. உள்ள ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் கிட்டத்தட்ட 0.14 டிகிரி. ரிம்மே லேசாக நெளிந்திருக்கலாம் என்பதால், காரைச் சக்கரம் அரைச்சுற்று சுற்றும் அளவு உருட்டி, நரம்பைத் திரும்பச் சரிசெய்து, மறுபடி அளந்து சராசரி எடுங்கள். கடைத் தாளைச் சரிபார்க்க இது தாராளமாகப் போதும்.

கேள்வி: காயில்ஓவர் போட்டபின் ஹெட்லைட் தரையைப் பார்க்கிறது, ஈ.எஸ்.சி. விளக்கும் எரிகிறது.
– சேலம்

பதில்: தானாக உயரம் மாற்றும் விளக்கு உள்ள காரில், பின் ஆர்மோடு ஒரு சிறு சென்சார் தண்டு இணைந்திருக்கும். பின்பக்கம் தாழ்ந்ததும் ‘டிக்கியில் பாரம் ஏறிவிட்டது’ என்று அது நினைத்து விளக்கை இறக்கிவிடுகிறது. தண்டின் நீளத்தைச் சரிசெய்து, ஸ்கேனர் வைத்து நிலையைப் பதியச் சொல்லுங்கள். ஈ.எஸ்.சி.க்கு, அலைன்மென்ட் முடிந்தபின் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்கேமரா, ரேடார் உள்ள காரானால் அவற்றையும் காலிபரேட் செய்யாமல் வெளியே எடுக்காதீர்கள். காரின் உயரமும் த்ரஸ்ட் கோடும் மாறினால் அவை பார்க்கும் இடமும் மாறுகிறது.

கேள்வி: ஸ்பிரிங் போட்ட எத்தனை கிலோமீட்டரில் அலைன்மென்ட்?
– வேலூர்

பதில்: போட்ட அன்றே டோ மட்டுமாவது பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் அமர்ந்தபின் முழுதாகச் செய்யுங்கள். அட்ஜஸ்ட் செய்யும் ஆர்ம் இருந்தால் அப்போதே லாக் நட்டுகளில் சாவி வைத்துப் பாருங்கள். பின்பக்கம் ‘டக் டக்’ என்று கேட்பதாக எழுதிய மூன்று பேருக்கும் இதுவே பதில்.

கேள்வி: இதையெல்லாம் மாட்டினால் சட்டச் சிக்கல் வருமா?
– திருநெல்வேலி

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சஸ்பென்ஷனைத் தொடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பது வீண்.

கேள்வி: நான் அலைன்மென்ட் சென்டர் நடத்துகிறேன். ‘பச்சை வந்தா போதும், சீக்கிரம் விடுங்க’ என்கிறார்கள் வாடிக்கையாளர்கள். பொறுமையாகச் செய்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். என்ன செய்ய?
– ஒசூர்

பதில்: உங்கள் கடிதம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. திரையில் வரும் பச்சை, கம்பெனி உயரத்தில் நிற்கும் காருக்கான எல்லை. தாழ்த்திய காருக்கு அந்த எல்லைக்குள்ளேயே இடதும் வலதும் சமமாக இருக்கிறதா, த்ரஸ்ட் ஆங்கிள் பூஜ்யத்தை ஒட்டியிருக்கிறதா என்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இது தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எனவே வேலைக்கு முன் எடுத்த தாள், பின் எடுத்த தாள் இரண்டையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். பின்சக்கர வரிகளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு இரண்டு வாக்கியம் விளக்குங்கள். சேதமான சாமான் இருந்தால் அலைன்மென்ட் செய்ய மறுத்து, காரணத்தைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பின்வீல் தகராறு பற்றி எழுதும்போது அந்த இரண்டு தாளின் படத்தையும், நான்கு சக்கரத்துக்கும் ஹப் முதல் ஃபெண்டர்வரை எத்தனை மி.மீ. என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.